கணினி தவழ்கிறதா? மலையிறங்கி பார்ட்ஸ் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

சொந்தமாக பார்ட்ஸ் வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்த கணினி திடீரென்று தவழ ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை "இன்னொரு ரேம் போட்டுப் பாருங்க" என்பதுதான். அடுத்தது "போர்டு போயிருக்கும்". இரண்டையும் சொல்கிறவர் பெரும்பாலும் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். சென்னையில் இருப்பவருக்கு இதில் பெரிய நஷ்டமில்லை. ரிச்சி தெருவில் வாங்கியது சரிவரவில்லை என்றால் மறுநாளே கடைக்காரரிடம் போய் நிற்கலாம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் இருக்கிற நமக்குக் கதை வேறு. இங்கேயும் கடைகள் உண்டு, ஆனால் உங்கள் போர்டுக்குப் பொருந்துகிற ஒரு குறிப்பிட்ட ரேமோ எஸ்எம்பிஎஸ்ஸோ (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வேண்டுமென்றால் பல சமயம் கோவை வரை இறங்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டு மழையில் ரோடு அடைபடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கொடைக்கானல்காரர்களுக்கும் இதே பாடுதான், அவர்கள் வத்தலக்குண்டு பக்கம் இறங்குவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அதற்கும் அப்புறம்தான் எதை வாங்குவது என்று யோசிக்கிற வரிசையில் எழுதியிருக்கிறேன். முதல்முறை அசெம்பிள் செய்தவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ரேமைக் கழற்றி மாட்டி, சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டும் மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுவிட்டால் கணினி சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது. ஆறு மாதம் கழித்து அதே தொல்லை திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எது மெதுவாக இருக்கிறது?

"ஸ்லோவா இருக்கு" என்பது நோயின் பெயர் இல்லை. ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறதா, ஆன் ஆனபின் பிரவுசர் திறக்கும்போது மட்டும் திணறுகிறதா, கேம் ஆடிக் கால்மணி நேரம் கழித்து வேகம் விழுகிறதா, காலையில் முதல்முறை போடும்போது மட்டும் மக்கர் செய்கிறதா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு செய்யும் சோதனைகளில் பாதியை இந்தத் தாளே மிச்சப்படுத்திவிடும்.

முதலில் நெட்டைப் பிரித்துவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் ஊட்டி முழுக்க வெளியூர்க் கூட்டம் நிற்கும்போது மொபைல் டவர்கள் திணறுவது நமக்குத் தெரியும். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவர்கள் அந்த நேரத்தில் கணினியைத் திட்டுவார்கள், பாவம் அது என்ன செய்யும். நெட்டைத் துண்டித்துவிட்டு, கணினியிலேயே இருக்கும் ஒரு பெரிய எக்செல் கோப்பையோ வீடியோவையோ திறந்து பாருங்கள். அது சட்டென்று திறந்தால் வன்பொருளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தது, எதையும் நோண்டுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளியே ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டெர்னல் டிஸ்கிலோ நகலெடுத்துவிடுங்கள். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்கில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டினால், அது ஒவ்வொரு செக்டராகத் தடவிப் பார்த்து, மிச்சமிருக்கும் உயிரையும் எடுத்துவிடக்கூடும். நகல் முதலில், மருத்துவம் பிறகு.

டாஸ்க் மேனேஜரில் ஐந்து நிமிடம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், கணினி திணறுகிற அந்த நேரத்தில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் எழுதும் வேகம் சில நூறு கேபிதான் என்றால் சந்தேகம் டிஸ்க் மேல் அல்லது அதன் கேபிள் மேல். கீழே சராசரி பதிலளிப்பு நேரம் மில்லிசெகண்டில் இருக்கும். நல்ல எஸ்எஸ்டியில் அது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும், ஆயிரக்கணக்கில் போனால் நோயாளியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சிபியு 100 சதவீதம், ஆனால் வேகம் மட்டும் 0.8 கிகாஹெர்ட்ஸ் மாதிரி அடிமட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் சூடு அல்லது மின்சாரம். மெமரிப் பக்கத்தில் ஹார்ட்வேர் ரிசர்வ்டு என்று ஒரு வரி இருக்கும். 16 ஜிபி போட்டிருக்கிறீர்கள், அதில் 8 ஜிபி ரிசர்வ்டு என்று காட்டினால் பெரும்பாலும் ஒரு ரேம் சரியாக உட்காரவில்லை. எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதும் அங்கேயே இருக்கும். பிராசஸ் பட்டியலில் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்பது சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால் ஏதோ ஒரு வன்பொருளோ டிரைவரோ வம்பு செய்கிறது. யுஎஸ்பியில் செருகியதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பாருங்கள்.

இதில் எதுவுமே இல்லை, ஒரு ஆன்டிவைரஸ்தான் மேலே உட்கார்ந்திருக்கிறது என்றால் அல்லது இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இங்கேயே முடிந்தது.

இன்னும் குழப்பமாக இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கணினியை ஓட்டிப் பாருங்கள். அதில் பிரவுசரும் வீடியோவும் சீராக ஓடினால் சிபியு, ரேம், போர்டு எல்லாம் ஓரளவு ஆரோக்கியம்தான், கோளாறு டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. அதிலும் திணறினால் டிஸ்கை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். நெட் சென்டரில் வேலை செய்கிற எந்தப் பையனும் அந்த பென் டிரைவைத் தயார் செய்து கொடுத்துவிடுவான்.

டிஸ்க்: பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும்

என் அனுபவத்தில் "ஸ்லோ" என்று வருகிற கணினிகளில் ரேம் குற்றவாளியாக இருப்பது அபூர்வம், டிஸ்க்தான் அதிகம். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் திறந்தால் டிஸ்கின் உடல்நிலை ஒரு வண்ணக் கட்டத்தில் தெரியும். நீலம் நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இன்றே நகலெடுங்கள். ஆனால் வண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம், கீழே உள்ள பட்டியலைப் படியுங்கள். ஒரு விஷயம், அந்த எண்கள் இயல்பாகப் பதினாறடிமான முறையில் (எழுத்தும் எண்ணும் கலந்து) இருக்கும், மெனுவில் ரா வேல்யூஸ் என்ற இடத்தில் 10 என்று மாற்றினால்தான் நாம் படிக்கிற எண்ணாக வரும்.

ஹார்ட் டிஸ்க் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிறுத்தி வைத்திருப்பவை. சி6 படிக்கவே முடியாதவை. சி5 பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் படிக்க முயலும். அப்போதுதான் மவுஸ் நகர்கிறது, ஆனால் ஜன்னல் திறக்காமல் கணினி உறைந்து நிற்கிறது. இதற்கு மருந்து கிடையாது, டிஸ்கை மாற்ற வேண்டும்.

ஆனால் நான்காவதாக சி7 என்று ஒரு வரி இருக்கிறது, புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். இது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தரவு சிதைந்து போன எண்ணிக்கை. அதாவது பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, அதைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டது. கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்லூரிப் பையனின் கணினி, "டிஸ்க் செத்துருச்சுண்ணா, புதுசு ஆர்டர் போட்டுறவா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். திறந்து பார்த்தால் 05, சி5 எல்லாம் சுத்தமான பூஜ்யம், சி7 மட்டும் ஐந்நூறைத் தாண்டி நின்றது, நாங்கள் ஒரு படத்தை நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறியது. பக்கவாட்டுத் தகடு மூடும்போது சாட்டா கேபிளின் தலையை அழுத்தி வளைத்திருந்தது, சிவப்பு உறையில் மடிப்பு வெள்ளையாகத் தெரிந்தது. அறுபது எழுபது ரூபாய்க் கேபிளை மாற்றியதும் முடிந்தது. ஒன்றைக் கவனியுங்கள், கேபிளை மாற்றினாலும் சி7 பழைய எண்ணிலிருந்து குறையாது, அது மீட்டர் மாதிரி ஏறிய இடத்திலேயே நிற்கும். மேலே ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

எஸ்எஸ்டி வேறு ரகம். அதில் மீதமுள்ள ஆயுள் சதவீதத்தில் வரும். ஆயுள் 98 சதவீதம் இருந்தும் தவழ்கிறது என்றால் இடம் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் காலி இடத்தின் ஒரு பகுதியைத்தான் வேகமான எழுத்துக்குப் பயன்படுத்தும், இடம் தீர்ந்தால் எழுதும் வேகம் பழைய ஹார்ட் டிஸ்கை விடவும் கீழே விழலாம். பத்துப் பதினைந்து சதவீதமாவது காலியாக வையுங்கள். எஸ்எஸ்டியை டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றாக அடுக்குவது) செய்ய வேண்டாம், விண்டோஸ் அதற்கு ட்ரிம் என்ற பராமரிப்பு வேலையைத் தானே செய்துகொள்ளும்.

குளிர்காலத்துக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலான ஹார்ட் டிஸ்குகளின் இயங்கு வெப்பநிலை 0 அல்லது 5 டிகிரியிலிருந்துதான் தொடங்குகிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுகிற இரவில் கூரைத் தகடு போட்ட அறையில் கிடந்த கணினியை விடிகாலையில் போட்டால் டிஸ்க் சுழலத் தயங்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள பழைய கெப்பாசிட்டர்களும் குளிரில் மந்தமாகிவிடும். காலையில் மட்டும் மக்கர், பத்து மணிக்கு மேல் நன்றாக ஓடுகிறது என்றால் அந்த இரண்டில் ஒன்று வயதாகிவிட்டது. உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம், சாதாரண ஹார்ட் டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இயங்கும்படிதான் செய்யப்படுகின்றன, நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான்.

சூடு: "இங்கதான் குளிருதே" என்பதை நம்ப வேண்டாம்

ஊட்டியில் கணினி சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்று இளைத்த காற்று, அள்ளிக்கொண்டு போகிற சூடும் குறைவு. ஆனால் அறையே 16, 18 டிகிரியில் இருப்பதால் கணக்கு நமக்குச் சாதகமாகத்தான் முடியும். அதனால்தான் சொல்கிறேன், கோவையில் மே மாதத்தில் சிபியு 90 டிகிரியைத் தொட்டால் வெயில் மேல் பழி போடலாம், ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் டிசம்பரில் தொட்டால் போட முடியாது. ஹீட்சிங்க் (சிபியு மேல் உட்காரும் கூலரின் உலோகப் பகுதி) ஒழுங்காக உட்காரவில்லை என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, சினிபெஞ்ச் மாதிரி ஏதாவது ஒன்றை ஓட்டிச் சிபியுவுக்கு முழு வேலை கொடுங்கள். இன்டெல் சிபியுக்கள் பெரும்பாலும் 100 டிகிரியிலும், ஏஎம்டியின் ரைசன் 90 அல்லது 95 டிகிரியிலும் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் ஆம் என்று வந்தால் விடை கிடைத்துவிட்டது. ரைசன் 7000 வரிசைக்கு ஒரு விலக்கு, அது முழு வேலையில் 95 வரை போவது அதன் வடிவமைப்பே, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போதே 70, 80 என்றால்தான் பதற வேண்டும்.

முதல்முறை அசெம்பிள் செய்தவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இரண்டு. ஒன்று, கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள். இரண்டு, இன்டெல் பெட்டியோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று முழுதாக இறங்கியிருக்காது. கூலரை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடினால் அதுதான். ஊசிகளை எதிர்மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்த வேண்டும், டக்கென்று சத்தம் வர வேண்டும், போர்டின் பின்பக்கம் நான்கு ஊசியும் வெளியே தெரிய வேண்டும்.

கூலரைக் கழற்றும்போது நம் ஊர்க் குளிர் ஒரு வேலை காட்டும். பழைய பேஸ்ட் குளிரில் இறுகிப்போய் கூலரும் சிபியுவும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏஎம்4 சாக்கெட்டில் மாட்டும் ரைசனில் (இதில் பின்கள் சிபியுவின் அடியில் இருக்கும்) நேராக இழுத்தால் சிபியு சாக்கெட்டோடு பூட்டியிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளைந்தால் அழத்தான் வேண்டும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகித் தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு (மொபைல் சர்வீஸ் கடைகளில் கட்டாயம் வைத்திருப்பார்கள்) நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்று எதுவும் கிடையாது.

ஃபேன் தூசி பற்றி எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்துத் தூசி கொஞ்சம் வேறு. வீட்டில் கணப்பு மூட்டுகிறவர்கள், சாம்பிராணி போடுகிறவர்கள், விறகடுப்பு வைத்திருப்பவர்கள் கேபினெட்டில் கரிப்புகையும் ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் கம்பளி மாதிரி ஒரு அடை உட்கார்ந்திருக்கும். ப்ளோயர் அடித்தால் அது அசையவே அசையாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத்தான் எடுக்க வேண்டும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

ஈரம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர்ப் பக்கமும், அக்டோபருக்கு மேல் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் துணி காயாத, பீரோவில் இருக்கும் தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கிற வாரங்கள் வரும். அந்த ஈரம் கேபினெட்டை மட்டும் விட்டுவைக்குமா? ரேமின் தங்க முனையிலும், சாட்டா முனையிலும், கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலும் மெல்லிய படலம் படியும். தினமும் நாலைந்து மணி நேரம் ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து போடுகிற கணினிதான் மாட்டிக்கொள்ளும்.

கேபினெட்டைத் தரையில், வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். மஞ்சு (மூடுபனி) நேராக உள்ளே வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்வார்கள், நாலாபக்கமும் ஓட்டை உள்ள கேபினெட்டில் அது இரண்டே நாளில் நிரம்பிவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிர்ந்து கிடக்கும் பொருளை ஈரமும் சூடுமான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் நீர் முத்து முத்தாகக் கோர்க்கும். அதனால் குளிரில் பைக்கில் வந்து இறங்கிய பார்சலை உடனே பிரித்து மாட்டிச் சுவிட்சைப் போடாமல், பெட்டியோடு இரண்டு மணி நேரம் அறையில் கிடக்க விடுங்கள்.

ரேம்

ரேம் கெட்டால் கணினி மெதுவாவதைவிட நீலத்திரை வருவது, கோப்பு சிதைவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது இவைதான் அதிகம். மெதுவாவது இரண்டு சந்தர்ப்பத்தில்: ஒரு ரேம் கண்டுகொள்ளப்படாமல் அளவு பாதியாகிவிட்டால், அல்லது இரண்டு ரேமும் தப்பான ஸ்லாட்டில் இருந்து சிங்கிள் சேனலில் (இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாதையில்) ஓடினால். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் பெரும்பாலும் சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு இது பெரிய வித்தியாசம் காட்டும்.

கழற்றும் முறை: கணினியை அணைத்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒருமுறை தொடுங்கள், கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். ரேமை எடுத்து, தங்க முனையை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கலாம், இல்லையென்றால் மெதுவான அழிரப்பரால் தேய்க்கலாம். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. இரண்டு பக்கமும் கிளிப் விழுகிற சத்தம் கேட்கும் வரை அழுத்தி உட்காரவைத்தால் வேலை முடிந்தது.

சந்தேகம் தீரவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் ஏற்றிய பென் டிரைவில் பூட் செய்து இரவு முழுக்க விடுங்கள், அன்றைக்கு மின்வாரியம் பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துகிற நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான், பரவாயில்லை என்று விட முடியாது. பிழை வந்தால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவிக்கப்பட்ட முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது வரவில்லை என்றால் ரேம் முழுதாகக் கெடவில்லை, அந்த வேகம்தான் உங்கள் கணினிக்கு ஒத்துவரவில்லை. அப்போதும் வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனித்தனியே ஒரே ஸ்லாட்டில் போட்டுச் சோதிக்க வேண்டும்.

கரண்ட்

"லோ வோல்டேஜ்னால ஸ்லோ ஆயிருச்சு" என்று சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பொதுவாக அப்படி நடக்காது. எஸ்எம்பிஎஸ் தாங்கும், தாங்காவிட்டால் கணினி நின்றுபோகும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும், நடுவில் நொண்டாது. ஆனால் மரம் விழுந்து கம்பி அறுந்து, கரண்ட் போய்ப் போய் வந்தால், ஒவ்வொரு தடவையும் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நின்று கோப்புகளும் டிஸ்கும் கெடும், மெதுவாவது அதன் பின்விளைவு. அதனால் யுபிஎஸ் வேண்டும். எஸ்எம்பிஎஸ் லேபிளில் 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை.

வேலை கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிறதா? ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவு) கெர்னல் பவர் 41 என்று இருக்கும். அது கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது, எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று சொல்லவில்லை. மல்டிமீட்டர் இருந்தால் நான்கு முனை மோலக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். வேலை கொடுத்துக்கொண்டே பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், ஆளையே காலி செய்துவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் கசியும் கொஞ்சம் மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படிதான் அமைத்திருப்பார்கள், எர்த் இல்லாவிட்டால் அது கேபினெட் இரும்பிலேயே நிற்கும். எஸ்டேட் லைன் வீடுகளிலும் பழைய ஓட்டு வீடுகளிலும் இது சகஜம், பாறை நிலத்தில் எர்த் கம்பி அடித்தாலும் சரியாகப் பிடிக்காது. யுஎஸ்பி விட்டுவிட்டு வேலை செய்வது, ஸ்பீக்கரில் இரைச்சல் எல்லாம் இதனாலும் வரும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் போடுங்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிறவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

ஏப்ரல், மே மாத மதியங்களில் இடி விழும்போது பிளக்கோடு லான் கேபிளையும் பிடுங்குங்கள், பலர் லான் கேபிளை மறந்துவிடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், மானிட்டர், ரௌட்டர் அடாப்டர்களைத் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் ஒரு மலைப் படம் போட்டு 2000 மீட்டர் என்று எழுதியிருக்கும். சீனத்துத் தரவிதிப்படி அந்த உயரத்துக்குக் கீழே பயன்படுத்தச் சோதிக்கப்பட்டது என்று பொருள். காற்று இளைக்க இளைக்க அதன் மின்காப்புத் திறன் குறையும் என்பதுதான் காரணம். குன்னூர் அந்தக் கோட்டுக்குக் கீழே, ஊட்டி மேலே. உடனே எதுவும் வெடித்துவிடாது, ஆனால் புதிதாக வாங்கும்போது 5000 மீட்டர் போட்டதாகப் பார்த்து வாங்கலாம்.

அசெம்பிள் செய்யும்போதே நேர்ந்தவை

கெடவே இல்லாத கணினியும் மெதுவாக ஓடும். மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பீர்கள். எக்ஸ்எம்பி போடாமல் 3200 வேக ரேம் 2133-லேயே ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை போட்டும் திரும்பத் திரும்ப மறைகிறது, கடிகாரமும் பின்னால் போகிறது என்றால் போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஒரு சாட்டா டிஸ்க் காணாமல் போனால் போர்டுப் புத்தகத்தைப் பாருங்கள், சில போர்டுகளில் இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும். டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினி முதல்முறை சில நிமிடம் கருப்புத் திரையோடு நின்றால் அணைத்துவிடாதீர்கள், அது ரேமைப் பழகிக்கொண்டிருக்கிறது.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

அப்போதும் நேராகக் கடைக்குப் போகாதீர்கள். சந்தேகப்படும் பொருளை நண்பர் ஒருவரின் கணினியில் மாட்டிப் பாருங்கள், அல்லது அவருடையதைக் கடன் வாங்கி உங்களதில். டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கோளாறு பொருளோடு சேர்ந்தே இடம் மாறினால் பொருள்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்.

வாரண்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடுங்கள். எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து ஆண்டு, ரேமுக்கு அதைவிட அதிகம். கோவைக்கு எடுத்துப் போகும்போது பில், சீரியல் எண்ணின் படம், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ அல்லது மெம்டெஸ்ட் பிழை காட்டிய திரையின் படம் மூன்றும் போனில் இருக்கட்டும். "ஸ்லோவா இருக்குங்க" என்று சொல்கிறவரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள், பிழையைப் படத்தோடு காட்டுகிறவரிடம் அப்படிச் சொல்வது கடினம். இன்டெல் போர்டு அல்லது ஏஎம்5 போர்டு என்றால் சாக்கெட்டை மூடியிருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போங்கள், அது இல்லாமல் வந்தால் பின் வளைந்திருக்கிறது என்று சொல்லி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தாலும் அந்த மூடியைப் பத்திரமாக வைத்திருங்கள்.